குன்றின் மேல் கூடும் குழுக்கள்

மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நாம் வருடத்துக்கு ஒரு முறைதான் பேசுகிறோம். எஸ்.டி.பி.எம். முடிவும் மெட்ரிகுலேஷன் முடிவும் வந்து, இடம் கிடைத்த பிள்ளைகளும் கிடைக்காத பிள்ளைகளும் யாரென்று தெரிந்த பிறகு ஒரு சில வாரங்கள். எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியும் மருத்துவம் கிடைக்காத மாணவியின் படம் நாளிதழில் வரும். தலைவர்கள் அறிக்கை விடுவார்கள். மேல்முறையீட்டுக்கு உதவி மையம் திறப்பார்கள். பிறகு அடுத்த வருடம் வரை பல்கலைக்கழகம் நிற்கும் அந்தக் குன்றின் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பங்சாரில் இருப்பவர்களுக்கு அது பக்கத்து வீடு. எல்.ஆர்.டி.யில் ஏறினால் அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அடுத்து பல்கலைக்கழக நிலையம். கோழி விலையில் காப்பி விற்கும் இன்றைய பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தோட்டம் போய் மாளிகைகள் வந்த அதே காலத்தில்தான் பக்கத்துப் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் பல்கலைக்கழகம் எழுந்தது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கப் போனார்கள், சிலர் பாடம் நடத்தவும் போனார்கள். யார் உள்ளே போகிறார் என்பதில் நமக்கிருக்கும் அக்கறை, உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் இருந்ததில்லை. தீர்மானிப்பது துணைவேந்தர் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தீர்மானிப்பவை குழுக்கள். துறைக் கூட்டம், புலக் கூட்டம், பாடத்திட்டக் குழு, தேர்வுக் குழு, கடைசியாக செனட்.

குழு என்பது நமக்குப் புதிதா என்ன? நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு கணக்காய்வாளர் என்று சங்கப் பதிவகத்தில் பதிந்துவிடும் இனம் நாம். கோயில் கமிட்டித் தேர்தலுக்குக் காவல் துறை வந்து நின்ற கதைகள் கிள்ளானிலும் உண்டு, பிரிக்ஃபீல்ட்ஸிலும் உண்டு. யார் பொருளாளர் என்பதைப் பொறுத்துத்தான் தேர் எந்தத் தெரு வழியாக வரும் என்பது முடிவாகும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். அந்த அறிவைப் பல்கலைக்கழக வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

இவ்வளவுக்கும் அங்குள்ள இந்திய ஆய்வியல் துறை பிறந்த கதையே ஒரு பரிந்துரையின் மேல் நடந்த சண்டைதான். பல்கலைக்கழகம் 1949ல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்தியாவைப் பற்றிய ஒரு துறை வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியிடம் ஆலோசனை கேட்டார்கள். சோழர் வரலாற்றை அவரைப் போல் எழுதியவர் இல்லை. அவருடைய புலமையில் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் மலாயாவில் தமிழ் பேசும் தொழிலாளர் வரிப்பணத்தில் அமையும் துறைக்கு அவர் முன்வைத்த யோசனையில் சமஸ்கிருதம் முன்னே நின்றது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. பத்திரிகையில் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். கையில் காசு குறைந்தவர்கள்தான் கொடுத்தவர்களில் அதிகம். 1956ல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் நடுவில் இருந்தது. 1959ல் துறை கோலாலம்பூருக்கு வந்தது.

இந்தக் கதையை மேடைகளில் உணர்ச்சியோடு சொல்வார்கள், தமிழ் வென்ற கதையாக. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சாரங்கபாணிக்குப் பல்கலைக்கழகக் காகிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பரிந்துரை முடிவாவதற்கு முன்னால் சத்தம் போட்டார். முடிவான பிறகு போடும் சத்தத்துக்கு நம்மிடையே போராட்டம் என்று பெயர். பலன் ஏதும் இருப்பதில்லை.

அடுத்து தனிநாயகம் அடிகள். 1961ல் வந்து துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1964 ஜனவரியில் புது தில்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். அடிகளாரின் பன்மொழிப் புலமையையும் பயணங்களையும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவர் கலைப்புல முதல்வராகவும் இருந்தவர் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சின்னத் துறையொன்றின் பேராசிரியர் தன் பல்கலைக்கழகத்தின் பெயரில் உலக அறிஞர்களை அழைத்து ஒரு மாநாடு நடத்த வேண்டுமானால் மண்டபம், விடுதி, நிதி, நிர்வாகத்தின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அங்கே அவருக்கு நாற்காலி இருந்தது. இருந்ததனால் பேசினார்.

அந்த நாற்காலி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1962ல் மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானபோது, அதன் அமைப்பு பிரிட்டிஷ் வழிப்பட்டது. மேலே வேந்தர், கோர்ட், கவுன்சில். கல்வி விஷயங்களுக்கு செனட். பேராசிரியர் என்றால் செனட்டில் இடம் உரிமையாகவே உண்டு. புல முதல்வரைப் புலத்தில் உள்ளவர்களே தேர்ந்தெடுத்தார்கள். மாநாடு நடந்த அதே 1966ல் அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், மற்ற இரண்டு கல்வி அமைப்புகளுடன் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதியது. பாடத்திட்டம், பயிற்றும் முறை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதற்பொறுப்பு ஆசிரியர்களுக்கே என்றது அது. அங்கே பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் இதே அதிகாரத்துக்கான சண்டை 1920லேயே நடந்து முடிந்து, ஆசிரியர் செனட்டுக்குப் பாடங்களின் மேல் அதிகாரம் கிடைத்திருந்தது. ஆக அறுபதுகளின் கோலாலம்பூர் உலகத்துக்குப் பின்தங்கி இருக்கவில்லை.

பிறகு 1969 மே மாத இனக்கலவரம் வந்தது. அவசர ஆட்சி நடத்திய தேசிய நடவடிக்கை மன்றம், மலாயாப் பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கையை ஆராய மஜித் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எந்தப் புலத்தில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் என்ற கேள்வி அதன் அறிக்கையிலிருந்து கொள்கையாக வளர்ந்தது. இன்று நாம் வருடா வருடம் அழும் அழுகைக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. 1971ல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம். ‘ஆக்கு’ என்று மாணவர்கள் வாயில் அடிபடும் அதே சட்டம். 1974 டிசம்பரில் வறுமையில் வாடிய பாலிங் விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சமூகவியல் ஆசிரியர் சையது ஹுசின் அலி கைதாகி உள்ளே போய் ஆறு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தார். 1975ல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது.

மாணவர்களின் கையைக் கட்டியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே திருத்தத்தில் ஆசிரியர்களின் கையும் கட்டப்பட்டது, சத்தமில்லாமல். புல முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் போய், துணைவேந்தர் நியமிக்கும் முறை வந்தது. துணைவேந்தரை நியமிப்பவர் அமைச்சர். 1996 திருத்தத்தில் கோர்ட்டும் கவுன்சிலும் போய் இயக்குநர் வாரியம் வந்தது. செனட்டும் சுருங்கியது. எல்லாப் பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்த இடத்தில் நிர்வாகத் தலைவர்களும் புல முதல்வர்களும், கூடவே துணைவேந்தர் நியமிக்கும் 20க்கு மிகாத பேராசிரியர்களும் என்று ஆனது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் உள்ள கம்பெனியை நடத்துவதுபோலப் பல்கலைக்கழகத்தையும் நடத்தலாம் என்ற எண்ணம் அப்போது ஆட்சியில் இருந்தவர்களுக்கு.

பழைய முறை பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் கூடும் அவையில் பாதிப் பேர் பேச மாட்டார்கள், பேசுபவர்களில் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். தேர்தலில் கோஷ்டி உண்டு, கோஷ்டிக்குள் சாதிகூட உண்டு. ஆனால் ஒன்று இருந்தது. சின்னத் துறையின் பேராசிரியர் தன் வாயாலேயே தன் துறைக்காகப் பேசலாம். இன்று கலை, சமூக அறிவியல் புலத்தில் பத்துக்கும் மேற்பட்ட துறைகள். செனட்டில் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசுபவர் ஒரு முதல்வர். அவர் மனம் வைத்தால் உண்டு. நல்லவர் அமைந்த காலங்களில் இந்திய ஆய்வியல் துறைக்கு நன்மை நடந்திருக்கிறது. நல்லவர் அமைவதை நம்பியிருப்பதை ஆட்சிமுறை என்று சொல்ல முடியாது.

ஆசிரியர் அவைக்கு அதிகாரம் இருந்தால் என்ன நடக்கும்? ஆக்ஸ்ஃபோர்டில் 1985ல் மார்கரெட் தாட்சருக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியர் அவை வாக்களித்தது: 738க்கு 319. நாட்டின் பிரதமருக்கு, அதுவும் அங்கேயே படித்தவருக்கு. நம் நாட்டில் பட்டமளிப்பு விழா மேடையை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இனி ஒரு பாடம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்துக்கு ஒரு பாடம் வைக்க விரும்புகிறார் ஒரு விரிவுரையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு படிவம். இந்தப் பாடத்தை முடித்த மாணவர் என்ன செய்ய வல்லவராக இருப்பார் என்று மூன்று நான்கு வினைச்சொற்களில் எழுத வேண்டும். விளக்குதல், ஒப்பிடுதல், மதிப்பிடுதல் என்று அதற்கென்றே ஏணிப்படி போல் அடுக்கிய பட்டியல் இருக்கிறது. கண்ணகி மதுரையை எரித்த காதையைப் படித்து ஒரு மாணவி இரண்டு நாள் தூங்காமல் இருந்தால் அது எந்தப் படியில் வரும் என்று படிவத்தில் இடமில்லை. அடுத்து மணிக்கணக்கு. மலேசியத் தகுதி முறையில் ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் உழைப்பு 40 மணி நேரம். வகுப்பு, படிப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120. இந்தக் காகிதம் துறையைத் தாண்டி, புலத்தைத் தாண்டி, பாடத்திட்டக் குழுவைத் தாண்டி செனட்டுக்குப் போகும். 2010ல் மலாயாப் பல்கலைக்கழகம் உட்படச் சில பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் பாடங்களுக்குத் தாங்களே தரச்சான்று வழங்கிக்கொள்ளும் தகுதி கிடைத்தது. அதற்குப் பிறகு வெளியே இருந்த கதவின் பாரமும் உள்ளே இருக்கும் குழுக்களின் தோளில்தான்.

நான் ஒரு தனியார் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் வெளி உறுப்பினராகச் சில காலம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மொழிப் பாடத்தை நீக்க எடுத்துக்கொண்ட நேரம், கறிபஃப் தட்டு மேசையைச் சுற்றி வரும் நேரத்தைவிடக் குறைவு. யாருக்கும் அந்த மொழியின் மேல் பகையில்லை. மாணவர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் சிவப்பு நிறம் இருந்தது, அவ்வளவுதான். எதிர்த்துப் பேச வேண்டிய ஆசிரியர் அன்று வரவில்லை. கூட்டம் என்றாலே நேர விரயம் என்பது அவர் கட்சி.

முழுப் பருவத்தைவிட விடுமுறைக் கால வகுப்புகளில்தான் ஒரு குழுவின் உள்மனம் தெரியும் என்பது என் எண்ணம். இங்கே கோடை என்று தனியாக ஒன்று இல்லை; வெயிலும் மழையும் பன்னிரண்டு மாதமும் நம்மோடுதான். ஆனாலும் இரண்டு பருவங்கள் முடிந்து அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஏழு வார அளவில் ஒரு சிறப்புப் பருவம் உண்டு. தவறிய பாடத்தைத் திரும்ப எழுதவும், சீக்கிரம் பட்டம் முடிக்கவும் மாணவர்கள் அதை எடுப்பார்கள். கூடவே வெளிநாட்டு மாணவருக்கான குறுகிய கால வகுப்புகள். முழுப் பருவத்துக்குப் பாடங்கள் பல காலமாக இருக்கின்றன. அவற்றை நீக்குவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். விடுமுறைக் காலம் வெற்றுப் பலகை. எந்தப் பாடத்தை வைப்பது, எத்தனை பேர் சேர்ந்தால் நடத்துவது, கட்டணம் எவ்வளவு, நடத்துபவருக்குத் தனிச் சம்பளமா, அவருடைய பணிச்சுமையில் சேருமா, விடுதி அறை கிடைக்குமா என்று எல்லாமே புதிதாக முடிவாக வேண்டும். அப்போது குழு எதை முதலில் எடுக்கிறது என்பதில் அதன் மனம் தெரிந்துவிடும். சாதாரணமாக வரும்படி தரும் பாடம் முதலில் வரும். அது குற்றமில்லை. ஆனால் வரும்படி மட்டுமே கணக்கானால் அந்த வேலைக்கு ஆசிரியர் குழு எதற்கு, கணக்கர் ஒருவர் போதும்.

மணிக்கணக்கையும் பாருங்கள். 120 மணி நேரத்தை ஏழு வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 17 மணி நேரம் வருகிறது, ஒரே பாடத்துக்கு. கணக்கியலை அப்படிப் படித்துவிடலாம். சங்கப் பாடலை? முடியும் என்பேன், ஆசிரியரும் மாணவரும் வேறு எதையும் செய்யாமல் உட்கார்ந்தால். புதுச்சேரியில் பிரெஞ்சு நாட்டுக் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளி ஆகஸ்டு மாதங்களில் நடத்தும் செவ்வியல் தமிழ் வகுப்பு அப்படிப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் நம் பண்டிதர்களோடு சேர்ந்து உரையை வரி வரியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அமெரிக்க மாணவர்களுக்கு மதுரையில் கோடைத் தமிழ் வகுப்பு உண்டு, விஸ்கான்சினில் மேடிசன் நகரில் உண்டு. பெர்க்கிலியில் கோடைக்கால வகுப்பில் புதிதாக ஒரு பாடம் வைக்க வேண்டுமென்றாலும் ஆசிரியர் செனட்டின் பாடக்குழு ஒப்ப வேண்டும். கோடைதானே என்று விட்டுவிடுவதில்லை.

தமிழ் கற்கப் போகும் அந்நிய மாணவரின் மனதில் மதுரை வருகிறது, மேடிசன்கூட வருகிறது. கோலாலம்பூர் வருவதில்லை. இத்தனைக்கும் தமிழாராய்ச்சி மாநாடு முதலில் கூடிய ஊர் இது. 1987லும் 2015லும் 2023லும் திரும்பக் கூடிய ஊர். ஒரே வளாகத்தில் தமிழுக்கு இரண்டு வீடுகள் உண்டு: கலைப் புலத்தில் இந்திய ஆய்வியல் துறை, மொழி, மொழியியல் புலத்தில் தமிழ் மொழியியல் பட்டம். (ஒரே மொழிக்கு இரண்டு புலங்கள் எப்படி வந்தன என்பதே குழுக்களின் வரலாறுதான், அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) இராம. சுப்பையா 1969ல் பல்கலைக்கழக நூலகத்துக்காகத் தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியல் இருக்கிறது. இங்கும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வாரம் தோட்டப்புற இலக்கியம் நடத்தலாம். கிள்ளான் கடைத்தெருவில் மலாயும் ஹொக்கியனும் கலந்து புழங்கும் தமிழை ஒரு மொழியியல் மாணவர் மதுரையில் எங்கே கேட்பார்? காலையில் வகுப்பு, மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பாடம் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும்.

இதற்குத் தடை சட்டத்தில் இல்லை. தடை படிவத்தில் இருக்கிறது. படிவத்தை யாராவது நிரப்ப வேண்டும், பருவம் தொடங்குவதற்கு வெகுமுன்னமே கூட்டத்தில் வைக்க வேண்டும், கேள்வி கேட்பவருக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்ல வேண்டும், முதல் முறை திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி வைக்க வேண்டும். இந்த வேலைக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் குறைவு என்பதும் உண்மை. தரவரிசைப் போட்டி தொடங்கிய பிறகு ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைதான் எண்ணப்படுகிறது. தமிழில் எழுதினால் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அப்படியிருக்கக் குழுவில் உட்கார யார் வருவார் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. நியாயமான காரணத்தோடு காலியாக விட்ட நாற்காலியும் காலி நாற்காலிதான். அதில் வேறொருவர் உட்கார்ந்து முடிவெடுப்பார்.

தமிழ்நாட்டில் துணைவேந்தரை ஆளுநர் நியமிப்பதா அரசு நியமிப்பதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு தரப்புமே மேலே யார் என்றுதான் பேசியது. கீழே பாடத்திட்டக் குழுவில் யார் என்று இரண்டுமே பேசவில்லை. நம்முடைய கண்ணும் அப்படியே பழகியிருக்கிறது. துறைக்குத் தலைவர் யார், மாநாட்டுக்கு அமைச்சர் வருகிறாரா, முன்வரிசையில் யாருக்கு இடம் என்று.

விரிவுரையாளர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலக் குழுவுக்குப் பெயர் கேட்டு மின்னஞ்சல் வரும்போது அழித்துவிடாதீர்கள். உங்கள் பெயரைக் கொடுங்கள். சிறப்புப் பருவத்துக்கு ஒரு தமிழ்ப் பாடத்தை எழுதி வையுங்கள். ஒதுக்கினால் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். சங்கங்களில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு ஆகும் செலவில் ஒரு மாணவரின் ஏழு வார விடுதிக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கட்டலாம். பத்து மாணவருக்குக் கட்ட ஒரு சங்கம் முன்வந்தால் ‘ஆள் சேரவில்லை’ என்ற பதிலை எந்தக் குழுவாலும் சொல்ல முடியாது.